குடைக்குப் பூஜ்யம்

மார்ச் 9

தங்கைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன் என்று எழுதத்தான் முந்தாநாள் டைப்ரைட்டரில் இந்தத் தாளைச் செருகினேன். அதற்குள் வேறு விஷயம் வந்துவிட்டது.

எனக்கு இங்கே பேப்பர் வாசிக்கிறவர் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர். என் சுவிட்ச்போர்டு அறைக்கு எதிர்க் கதவு லிஃப்ட். மதிய இடைவேளையில் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவர் ஆட்களை ஏற்றுவார், இறக்குவார், இடையில் வாசிப்பார். இரண்டாம் மாடியில் தொடங்கிய செய்தி ஐந்தாம் மாடியில் முடியும். சில செய்திகள் முடிவதே இல்லை.

இன்று வாக்குச்சாவடி வாரியாகத் தேர்தல் முடிவு போட்டிருந்தார்கள். நம் ஊரை வாசிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் சாவடி, எண் நாற்பத்தொன்று. பாலம் அறுநூற்றுப் பன்னிரண்டு. படகு நூற்றெண்பது. குடை பூஜ்யம்.

அவர் சிரித்தார். "என்ன தம்பி இது. குடைக்காரனுக்கு அந்த ஏரியாவுல ஒரு மாமன் மச்சான்கூடக் கிடையாதா?"

மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

"பூஜ்யம்தான் தம்பி. முட்டை மாதிரி போட்டிருக்கு."

நான் குடைக்குப் போட்டேன். அது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும். பாலத்தின் வட்டச் செயலாளர் பெற்ற பிள்ளை, அந்தக் கட்சி நடத்திய போரில் கண்ணைக் கொடுத்தவன், அந்தப் போர் தவறு என்று சொன்ன ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுகிறான் என்பதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பார்வையற்ற வாக்காளருக்குத் துணையாக நீ வந்தாய். சொன்னபடியே குறிப்பேன் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டாய். தட்டிக்குப் பின்னால் உன் காதில் குடை என்றேன். நீ முத்திரை குத்திய சத்தம் கேட்டது. எந்த இடத்தில் என்பது சத்தத்தில் தெரியாது.

அந்த ஓட்டு எங்கே?

அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

எட்டு மணி நேரம் ரயிலில் போய்ச் சேர்ந்தவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நேராக விசாரணை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு எண் விழுந்துபோவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ரயில் கால அட்டவணையில் ஒரு வரி விடுபட்டு, ஒரு ஊரில் எந்த ரயிலும் நிற்காமல் போயிற்று. தாளில்தான். பேப்பர்காரர்கள் அவசரத்தில் அச்சுக் கோத்திருப்பார்கள். இல்லையென்றால் மை பரவி உன் ஓட்டு செல்லாததாகியிருக்கும்.

அப்பாவுக்கு வெற்றி ஊர்வலத்தில் நடந்து முழங்கால் வீங்கியிருக்கிறது. நீ சொல்லாமல் சாயங்கால வண்டிக்குக் கிளம்பியதில் வருத்தம். "போட்டோவுக்கு அவன் இல்லாமப் போயிட்டானே" என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தையும் அந்த லிஃப்ட்காரர்தானே வாசிக்கிறார்? முன்பின் தெரியாதவர் வாயால் உன்னிடம் பேசுவது என்னவோ போல் இருக்கிறது. அவர் எந்தக் கட்சி?

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

நான் தொலைபேசிக்காரன் என்பதை மறந்துவிட்டாய். நேற்றுக் காலை தேர்தல் அலுவலகத்துக்கு இணைப்புப் போட்டேன். ஒரு குமாஸ்தா. பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். நாற்பத்தொன்றில் செல்லாத ஓட்டும் பூஜ்யம். குடை பூஜ்யம். பேப்பர் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

அதற்கு முந்தைய தேர்தல்களையும் கேட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்: பூஜ்யம். பத்து வருடத்துக்கு முன்: ஒன்று.

மூன்று தேர்தலிலும் நான் குடை என்றுதான் சொன்னேன்.

அந்த ஒன்று எனக்குப் புரிகிறது. இரண்டு பூஜ்யங்கள் புரியவில்லை.

லிஃப்ட்காரர் பாலம் கட்சி. சட்டைப் பையில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார். உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "நம்மாளுங்கதான் தம்பி நீங்க எல்லாரும்" என்று என் முதுகில் தட்டினார்.

நீ எதில் குத்தினாய்? ஒரு வரி போதும்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

பாலத்தில்.

ஒரு வரி போதும் என்றாய். எனக்குப் போதாது.

பத்து வருடத்துக்கு முன் நீ முதல் தடவை குடை என்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் குடையில்தான் குத்தினேன். மறுநாள் எண்ணிக்கை முடிந்து அப்பா வந்தார். பாலம் ஜெயித்திருந்தது. முகத்தில் ஜெயித்த களையே இல்லை. முன்னறையில் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"நம்ம சாவடியில ஒரு குடை விழுந்திருக்கு."

"விடுங்க, ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்யா உறுத்துது. நூறு விழுந்திருந்தா எதிரின்னு விட்டுடலாம். ஒண்ணுன்னா நம்ம பக்கத்துல உக்காந்திருக்கிறவன்."

வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெருத் தெருவாக, வீடு வீடாகப் பார்த்தார்கள். நம் வீட்டுக் கதவெண்ணை மட்டும் விட்டுவிட்டு. நீ உள்ளறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாய். சாயங்காலத்துக்குள் அது கடிகாரக்காரர் என்று முடிவாயிற்று. முனைக் கடையில் கடிகாரம் பழுது பார்த்தாரே, அவர். குடை வேட்பாளர் தெருவுக்கு வந்தபோது அவர் கடை வாசலில் நின்று தன் கைக்கடிகாரத்தில் மணியைச் சரிசெய்துகொண்டு போனார். அதுதான் சாட்சி.

மறுநாள் காலை கடையின் கண்ணாடி இல்லை. கடிகாரங்கள் தெருவில் கிடந்தன. சில ஓடிக்கொண்டிருந்தன.

அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். "நான் பாலத்துக்குத்தாங்க போட்டேன். என் பிள்ளைங்க மேல ஆணையா." உள்ளேயிருந்து நீ "யாரு வாசல்ல?" என்று கேட்டாய். "யாரோ கடிகாரம் விக்க வந்திருக்காங்க" என்றேன்.

இரண்டு மாதத்தில் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீ குடை என்று சொன்ன இரண்டு தடவையும் பாலத்தில் குத்தினேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நேராக முன்னறைக்குப் போய் "அது நான்" என்பாய். அப்புறம் நம் வீட்டில் யார் யார் முகத்தைப் பார்ப்பது?

இதை வாசிக்கிறவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

தங்கை


ஏப்ரல் 8

அண்ணா,

உன் உறை வந்தது. உள்ளே மூன்று தாள். மூன்றும் வெறும் தாள்.

நான்கு நாள் அதைத் தண்டனை என்றே நினைத்தேன். உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாய் என்று. அச்சகத்தில் பக்கத்து மேசைக்காரி, "என்னடி, உங்கண்ணன் கணக்கு நோட்டைக் கிழிச்சு அனுப்பியிருக்காரா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

நேற்று ஜன்னலோரம் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. தாள் முழுக்கப் பள்ளம் பள்ளமாக எழுத்து. ரிப்பன் கழன்றிருக்கிறது அண்ணா. மூன்று பக்கம் மையில்லாமல் அடித்திருக்கிறாய். நான் கவனிக்காமல் குப்பையில் போட்டிருந்தால்?

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முடியாத இடத்தில் விரலால் தடவி, ஒரு வழியாக வாசித்துவிட்டேன். ஒரு வரிக்குப் பத்து நிமிடம். உன் கோபத்தை இவ்வளவு மெதுவாக யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

கடிகாரக்காரர் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறாய். தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும். அதனால் விசாரிக்கவில்லை.

அவருக்காகத்தான் மாற்றிக் குத்தினாயா என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தில் ஒரு எழுத்து தாளையே கிழித்திருக்கிறது. பாதி அவருக்காக. மீதியை யாரிடமும் சொன்னதில்லை. குடையில் குத்தினால் அந்தப் போர் வீண் என்று ஆகிவிடும். உன் கண்ணும் வீண். அதற்கு என் கையால் முத்திரை வைக்க முடியவில்லை. பாலத்தில் குத்தும்போதெல்லாம் உன் கண்ணுக்கு ஏதோ ஒரு அர்த்தம் இருப்பதுபோல் இருக்கும். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய், நன்றி என்பாய்.

உன் கடைசி வரி: வேறு என்னவெல்லாம் மாற்றி வாசித்தாய்?

உன் நீலச் சட்டை நீலம் இல்லை, பழுப்பு. நீலம் கிடைக்கவில்லை. கதைப் புத்தகங்களில் போர் வந்தால் அந்தப் பக்கங்களைத் திருப்பிவிடுவேன். சில கதைகள் உனக்குத் தலையும் வாலும் புரியாமல் போனதற்கு அதுதான் காரணம். எழுதியவர்கள் மேல் பழி இல்லை.

இன்னொன்று இருக்கிறது. நேரில் சொல்ல வேண்டியது. நீ வரமாட்டாய்.

நீ படை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஏழாவது வாரம். எனக்குப் பதினாறு வயது. கண் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசிக்கச் சொன்னாய். வலது கண் அகற்றப்பட்டது, புண் ஆறிவிட்டது, சொட்டு மருந்தைத் தொடர வேண்டும். அதுவரை வாசித்தேன். அதற்குக் கீழே ஒரு பத்தி இருந்தது. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று அதன் மேல் விரலை வைத்திருந்தார்.

அந்தப் பத்தி: இடது கண்ணில் பாழானது கருவிழி மட்டுமே. மாற்றுக் கருவிழி பொருத்திப் பார்க்கலாம். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். தாமதித்தால் கண் சுருங்கிவிடும்.

தேர்தலுக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. மேடைக்கு உன்னைக் கூட்டிப் போனார்களே, அந்தத் தேர்தல்.

தங்கை


ஏப்ரல் 13

லிஃப்ட்காரர் ரிப்பனை மாட்டிவிட்டார். முதல் வரி அடித்ததும் கூப்பிட்டு எழுத்து விழுகிறதா என்று கேட்டேன். விழுகிறது என்றார்.

அந்தப் பத்தி வந்தபோது லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். நிறுத்திவிட்டார். மேலேயும் கீழேயும் மணி அடித்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்கய்யா" என்று கத்தினார். அப்போது நான் சிரித்தேன் என்று பிறகு சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

ஐந்தில் ஒன்று.

இடது பக்கம் எனக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு வருடம் வரை. ஜன்னல் எங்கே என்று தெரியும். ஆள் குறுக்கே போனால் தெரியும். அந்த மேடையில் விளக்கு தெரிந்தது. "அப்பா, வெளிச்சம் தெரியுது" என்றேன். "தெரியும் தெரியும், நேரா நில்லு" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். கைதட்டினார்கள்.

பிறகு வெளிச்சமும் போயிற்று. அப்படித்தான் போகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று கட்சி அலுவலகத்துக்கு இணைப்புப் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "பாலம் அலுவலகம், யாரு பேசுறது?" சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஏழு வருடமாக வாயில் ஊறிப்போன வார்த்தைதான் வந்தது. "இணைக்கிறேன், காத்திருங்கள்." கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

ஏன் என்று அவரைக் கேள். சொன்னதை அப்படியே எழுது. நன்றாக இருக்கட்டும் என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதே. எவ்வளவு நேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றும் கேள்.


ஏப்ரல் 20

அண்ணா,

"யாரோ பெரிய இடத்துலேர்ந்துன்னு நினைச்சு கால் மணி நேரம் பிடிச்சிட்டு நின்னேன்" என்றார்.

மற்றது இது. முன்னறையில் வெற்றி ஆல்பத்தில் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, கண் பிரிவுக் கடிதத்துல ஒரு பத்தி இருந்துச்சே."

"எந்தக் கடிதம்?"

"நீங்க விரல் வச்சு மறைச்சது."

ஒட்டிக்கொண்டே இருந்தார். "அவன் கேக்கச் சொன்னானா?"

"ஆமா. நானும் கேக்கிறேன்."

"அஞ்சுல ஒண்ணும்மா. நாலு பங்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம். நொந்துபோய் வந்த பிள்ளை. ஆசை காட்டி மோசம் பண்ணச் சொல்றியா?"

"மேடைக்கு வேணும்னுதானே?"

"அதுவும்தான். நான் இல்லைன்னு சொல்லலையே. ஊரே அவனைப் பாத்துச்சு. அவன் நின்னதாலதான் ஜெயிச்சோம். தேர்தல் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். இருபத்திமூணு நாள்தானேன்னு."

"அப்புறம்?"

"ஜெயிச்சோம்ல."

"ஜெயிச்சதுக்கப்புறம்?"

விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேம்மா."

அண்ணா, அவர் பொய் சொல்லவில்லை. பொய் என்றால் இதைவிட நல்லதாக ஒன்று சொல்லியிருப்பார். ஊர்வலம், பாராட்டு விழா, புது அலுவலகம். அந்தச் சந்தோஷத்தில் மறந்தேவிட்டார்.

நான் மறக்கவில்லை. ஆறு மாதத்தையும் நாள் நாளாக எண்ணினேன். அவரே சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. உனக்குக் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நின்றுவிட்டேன். "என்ன?" என்றாய். "பக்கம் ஒட்டிக்கிச்சு" என்றேன். பிறகு வாசித்தேன்.

மறந்தவர் அவர். மறக்காதவள் நான். எது பெரியது என்று நீதான் சொல்ல வேண்டும்.

தங்கை


மே 6

தங்கைக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட்காரர் வாசித்தார். "மறந்துட்டேம்மா" என்பதோடு முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தம்பி."

தாளை வாங்கித் தடவிப் பார்த்தேன். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள். அதற்குக் கீழேயும் அரைப் பக்கம் அழுத்தம் இருந்தது. சலவைப் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். வியாழக்கிழமை வந்த இடத்தில் அழுதுவிட்டார். மறுபடி தொடங்கி முடித்தார்.

லிஃப்ட்காரரிடம் போய் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு அன்னைக்குச் சின்னப் பிள்ளை தம்பி. தன்னைத்தானே போட்டு அடிச்சுக்குது. அது எதுக்கு உங்க காதுல?"

"எங்கப்பா பேசினதை விடலையே."

"அதை நல்லா சத்தமாத்தானே வாசிச்சேன்." கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே, "எங்க கட்சிக்காரர்தான். இருந்தாலும்" என்றார்.

நல்லவர். நீயும் நல்லவள். அப்பாவும் தன் கணக்கில் நல்லவர். எல்லோரும் நல்லவர்களாக இருந்துகொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள்.

எது பெரியது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று நானாக இருந்திருப்பேனா? இல்லை என்றால் அப்பா மறந்ததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ எண்ணிய நாட்களிலும் இல்லை. நான் ஊருக்கு வரலாம். பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாம்.

கண் பிரிவு இங்கேயே நான்காம் மாடி. ஏழு வருடமாக அந்த மாடிக்கு அழைப்புகளை இணைக்கிறேன், ஒரு தடவையும் இறங்கியதில்லை. போன மாதக் கடைசியில் இறங்கினேன். பெண் டாக்டர், சின்ன வயசுக் குரல். படை ஆஸ்பத்திரியிலிருந்து பழைய பதிவுகளை வரவழைத்தார். நேற்று மறுபடி போனேன். தாள் திருப்புகிற சத்தம். அது நின்றது.

"சொல்லுங்க டாக்டர்."

"எழுத்துல தர்றேன். வீட்டுல யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க."

வீட்டில் யாரையாவது.

ஒட்டிய உறை. இரண்டு தாள் இருக்கும். லிஃப்ட்காரர் வாசித்தால் விடுவார். சலவை அம்மா அழுது, பிறகு அவரும் விடுவார். டாக்டருக்கே வாய் வரவில்லை. அதனால் உறையைப் பிரிக்காமல் இத்துடன் அனுப்புகிறேன். உள்ளதை முழுக்கப் பிரதி எடுத்து எழுது. மூலத்தையும் கூடவே திருப்பி அனுப்பு. இங்கே இரண்டு பேர் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இதை நம்பிக்கை என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு பத்தியை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

அண்ணன்


மே 12

முதலில் லிஃப்ட்காரருக்கு.

ஐயா, போன கடிதத்தில் நீங்கள் ஏன் விட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதை வாசிக்கும் முன் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திவிடுங்கள். மணி அடித்தால் அடிக்கட்டும். நான் எங்கேயும் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.

அண்ணா, உறையை நான்தான் பிரித்தேன். இரண்டு தாள். டைப் அடித்தது. எங்கள் அச்சகத்தில் மூலத்தோடு ஒப்பிடுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன். முதல் தாளில் உன் படை எண், வயது, காயம்பட்ட தேதி. உனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இரண்டாம் தாள்:

"வலது கண்: பதினாறு ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்டது. செயற்கைக் கண் பொருத்தப்பட்டுள்ளது.

இடது கண்: சுருங்கிய நிலையில் உள்ளது. வெளிச்சம் உணரும் திறன் இல்லை. இனி எந்தச் சிகிச்சையாலும் பயன் இராது.

நோயாளி கேட்ட கேள்விக்கு: படை மருத்துவமனையின் அக்காலப் பதிவுகளும் பரிசோதனை முடிவுகளும் பார்க்கப்பட்டன. இடது கண்ணின் விழித்திரையும் பார்வை நரம்பும் அப்போது நல்ல நிலையில் இருந்திருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு என்பது இத்தகைய காயங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவருடைய கண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டால் வாய்ப்பு அதைவிட அதிகம். பாதிக்கும் மேல் என்பது என் கருத்து. உரிய காலத்தில் அறுவை நடந்திருந்தால், துணையின்றி நடமாடவும், முகங்களை அடையாளம் காணவும், பெரிய எழுத்துகளை வாசிக்கவும் போதுமான பார்வை இவருக்குக் கிடைத்திருக்கக்கூடும்."

அறிக்கை இவ்வளவுதான். "கிடைத்திருக்கக்கூடும்" என்ற சொல்லை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க அந்தச் சொல் பாதியில் கிடந்தது. நீ பிரதியைத் தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் பள்ளம் அதிகமாக இருக்கும்.

அப்பாவுக்கும் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார். "இந்த டாக்டரம்மா எந்தக் கட்சி?" என்று கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இப்போது அச்சகத்தில், என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மன்னிப்பு என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மூலத்தின் அடியில் மூன்று கோடு போட்டிருக்கிறது. மருத்துவர் கையொப்பம்: இருக்கிறது. தேதி: இருக்கிறது. மூன்றாவது, முடிவை நோயாளிக்குத் தெரிவித்தவர். டாக்டர் அதைக் காலியாக விட்டிருக்கிறார்.

அதில் மட்டும் என் பேனாவால் எழுதியிருக்கிறேன். ஒப்பிடுகிறவர்களிடம் சொல்லிவிடு, மூலத்தில் நான் சேர்த்தது அந்த ஒரு சொல்தான்.

தங்கை.